மண் காயட்டும்

"இதுக்கு ஒரே ஒரு வேலதான். மறந்துடணும்," என்றாள் செடிக்கடைக்காரி. "வாங்கிட்டுப் போங்க, ஜன்னல்ல வைங்க, இப்படி ஒண்ணு வாங்கினோம்கிறதையே மறந்துடுங்க. ஞாபகம் வெச்சுக்கிறவங்க வீட்லதான் இது சாகும்."

என் நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். மறதியைப் புகழ்ந்து பேசிய ஒரு மனுஷியை அன்றைக்குத்தான் அவள் முதன்முறையாகப் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

கடை என்று பேர்தானே தவிர, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் கூரை போட்ட ஒரு கொட்டகை அது. நீளப் பலகைகளில் டம்ளர் அளவுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் தடித்தடி இலைகளோடு ஒரு குட்டிச் செடி. சக்குலண்ட் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீரை இலைக்குள்ளேயே சேர்த்துவைத்துக்கொள்ளுமாம், அதனால் நம் கையை எதிர்பார்க்காதாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவளுக்கு இது ஒரு குறைதான். நாத்தனார் எனக்கு நேர்மாறு. பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். இலையின் நரம்பு, தவளையின் இதயம், வேரின் குறுக்குவெட்டு என்று சின்ன விஷயங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே பழகிய கண். ஒவ்வொரு தொட்டியாக எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, திரும்ப வைத்து, எனக்குக் கால் கடுக்கிறவரை தேடி மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். அடுக்கடுக்கான இலைமேல் வெண்பொடி பூசிய ஒன்று, அதற்கு மாவு என்று அங்கேயே பெயர் வைத்தாள். கரும்பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது வரி. குட்டி மரம்போல் நின்று உருண்டை இலைகளைத் தூக்கிக்காட்டிக்கொண்டிருந்தது குண்டன். குண்டனைப் பார்த்ததும் எனக்கே பிடித்துப்போயிற்று.

அவளை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதிலும் ஒருத்தி குட்டியாகவே இருக்கிறாள் என்றால், அதில் கூப்பிடுகிறவர்களின் கையும் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு கதவோரம் நின்று என்னை எட்டிப்பார்த்தாள். மாமியார் அப்போதே இல்லை. அவளுக்குத் தலைபின்னிவிட்டுத்தான் நான் இந்த வீட்டு மருமகளானேன். கொஞ்ச வருடத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. முதல்முறை அவள் அறைக்குள் விழுந்தாள், கதவு உள்ளே தாழிட்டிருந்தது, உடைத்துத்தான் திறந்தோம். அன்றைக்கே மாமனார் புதுக் கதவு போட்டார்; பழைய கதவிலிருந்த தாழ்ப்பாளை ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரிமேல் வைத்தார். அதற்கப்புறம் அந்த அறையை அவள் உள்ளேயிருந்து பூட்டியதில்லை. பதினெட்டு வயதில் என் மகனை வெளியூர்க் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. குட்டி தெருமுனைக்குப் போனால் மட்டும் யாராவது ஒருவருக்குத் தெருமுனையில் வேலை வந்துவிடும்.

விழுவதுகூடப் பரவாயில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். இன்னொரு வகை உண்டு, அதுதான் மோசம். விழமாட்டாள். கண் மட்டும் எங்கேயோ போய்விடும், கை பாட்டுக்கு எதையாவது செய்யும். ஒருநாள் அடுப்பிலிருந்த பாலை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் நிதானமாகச் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டு, "அண்ணி, பால எங்க வெச்சீங்க?" என்று என்னையே கேட்டாள். நான் கொட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். என் கணவரும் மாமனாரும் இப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவள் மனசு நோகக்கூடாது என்பதற்காக நாங்கள் சொன்ன பொய்களை வைத்து இன்னொரு மாடி கட்டலாம்.

போன வருடம் டாக்டரம்மா மருந்தை மாற்றினார். அதிலிருந்து ஒன்றுமில்லை. ஒரு வருடம் தாண்டியும் ஒன்றுமில்லை. "மாத்திரைய விட்றாதீங்க, தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க. மத்தபடி இவங்க வாழட்டும், விடுங்க," என்றார். அதே சமயம், அவள் வீட்டிலிருந்தே படம் வரைந்து அனுப்புகிற அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறு ஊர். பள்ளி விடுமுறை முடிந்ததும் நேரில் வந்து சேரவேண்டும், பக்கத்திலேயே பெண்கள் விடுதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே. எங்கள் வீட்டுப் பூசாரி சாப்பாட்டு மேஜையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போன மாசம் அந்த மணி பிளாண்ட் கருகிச்சு. அதப் பாத்துக்கிறேன்னு சொன்னது யாரு? ஒரு செடிய உயிரோட வெச்சுக்கத் தெரியல, தன்னத் தானே பாத்துக்கப் போறாளாம்."

குட்டி சாப்பிடுவதை நிறுத்தினாள். "சரிப்பா. செடிய வளத்துக் காட்டினா விடுவீங்களா?"

"காட்டு, பாப்போம்."

"யாரும் கூட மாட ஒத்தாசைக்கு வரக்கூடாது. நான் மட்டும்."

"எனக்கு வேற வேலயில்லையா?" என்றார் மாமனார்.

அவருக்கு உண்மையில் வேறு வேலை கிடையாது. குடிநீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் ஓட்டி ஓய்வுபெற்றவர். விடியுமுன் எழுந்து வால்வைத் திறந்து பாதி ஊருக்குத் தண்ணீர் அனுப்பிய மனிதர். வேலை விட்டாலும் அந்த நேரத்துக்கு உடம்பு எழுந்துகொண்டுவிடுகிறது, திறக்க வால்வுதான் இல்லை. யாருக்குத் தலைவலி என்றாலும், காய்ச்சல் என்றாலும், பரீட்சையில் தோற்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "தண்ணியக் குடி."

குட்டியின் அறையில் வெயில் விழாது. அதனால் மூன்று தொட்டிகளும் கூடத்துக் கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்தன. செடிக்கடைக்காரி சொன்ன பக்குவத்தை அவள் ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தாள். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை மண்ணுக்குள் அடிவரை விட்டு எடுப்பாள். குச்சியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கிடையாது. ஒட்டாமல் சுத்தமாக வந்தால், இலையில் படாமல் ஓரமாக ஊற்றி, அடியில் தண்ணீர் வடிந்ததும் தட்டைக் காலிசெய்வாள். தொட்டிகளின்மேல் கூழாங்கல் பரப்பினாள். வரிக்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளைக் கல், அதன் நடுவே மெல்லிய சாம்பல் கோடு. கோட்டுக்குக் கோடு பொருத்தம் பார்த்து வைத்தாளாம். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை என்றேன்.

முதல் குற்றவாளி நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் துடைத்தபோது மாவின் இலைகளில் தூசி படிந்திருப்பதாக நினைத்து, கைவசமிருந்த கண்ணாடி துடைக்கும் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன். அது தூசியில்லையாம். வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அந்தச் செடி தானே பூசிக்கொண்ட பொடியாம், போனால் அந்த இலையில் திரும்ப வராதாம். "அழுக்குக் கண்ணாடியப் பாத்தா கை சும்மா இருக்காதே உங்களுக்கு," என்று குட்டி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். மாவின் ஒரு பக்கம் என் நான்கு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டையாகவே நின்றுபோயிற்று. அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கமே போகவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாவின் நடுவில் நகக்கண் அளவுக்குப் புது இலைகள் வந்தன. குண்டன் ஒரு கிளை விட்டான். குட்டியின் நடையே மாறிவிட்டது. பழைய பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்தாள். மாமனார் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

பிறகு குண்டனின் அடி இலை ஒன்று மஞ்சளாயிற்று. இரண்டு நாளில் ஊறிய திராட்சைபோல ஒளி ஊடுருவும் அளவுக்கு வீங்கி, விரல்பட்டதும் கழன்று விழுந்தது. அப்புறம் தினம் ஒன்றிரண்டாக உதிர ஆரம்பித்தன. வரியும் அடியில் கொழகொழத்தது. தண்ணீர் கூடிப்போயிற்றோ என்று கேட்டேன். குச்சியை மண்ணுக்குள் விட்டு எடுத்தாள், ஈர மண் அப்பிக்கொண்டு வந்தது. அந்தக் குச்சியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் பேச்சு குறைந்தது. மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுகிறாள், மூடுகிறாள், திரும்பத் திறக்கிறாள். ஒருநாள் காலையில் கண்ணாடிமுன் நின்று நாக்கை நீட்டி ஓரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வலிப்பு வந்து போனால் நாக்கில் பல்தடம் இருக்கும். இதை அவள் செய்து பார்த்தே வெகுகாலமாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள், தனியாக. வாடிக்கையாளர் யாருமில்லை. கண் பரிசோதிக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகும் எழுத்துகள். அவற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணி, நான் தண்ணி ஊத்தல."

"சரி."

"குச்சி விட்டுப் பாத்துட்டு, இன்னும் காயலன்னு விட்டுட்டேன். நெறைய நாளாச்சு. ஆனா காலைல பாத்தா மண்ணு ஈரமா இருக்கு. நேத்தும் இருந்துச்சு, இன்னிக்கும். வரியோட அந்த வெள்ளக் கல்லு தலகீழாக் கெடக்கு, கோடு கீழ போயிடுச்சு. அத நான் திருப்பல." கொஞ்சம் நிறுத்தினாள். "திருப்பினதா ஞாபகம் இல்ல."

நான் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை மேஜைமேல் வைத்தேன்.

"வீட்ல யாரும் தொடமாட்டாங்க, அப்பாவே சவால் விட்டிருக்காரு. அப்போ நான்தானே ஊத்தியிருக்கணும்? அந்தப் பால் மாதிரி. நீங்க கொட்டினதாச் சொன்னீங்களே, அந்தப் பால். எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அச்சகத்துக்கு வரலன்னு எழுதி வெச்சுட்டேன். நாளைக்கு அனுப்பிடுவேன். வேற ஊர்ல, யாரோ ஒருத்தி அறைல, நான் பாட்டுக்கு எதையாவது... வேண்டாம்."

"ஒருநாள் பொறு," என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்வதென்றால் நானும் பயந்துவிட்டேன். அவளை நம்பவேண்டும் என்று ஆசை இருந்தது, நம்பிக்கை வரவில்லை. பெற்ற மகள்போல வளர்த்தவளை ஒரு நிமிடம் நோயாளியாக மட்டும் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

விடியுமுன் எழுந்து சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தேன். அங்கிருந்து கூடத்து ஜன்னல் தெரியும், குட்டியின் அறைக் கதவும் தெரியும். அந்தக் கதவு திறந்து அவள் எங்கேயோ பார்க்கும் கண்ணோடு நடந்துவந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, அது திறக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது. திறந்தது அடுத்த கதவு.

மாமனார் வந்தார். கையில் அவருடைய எவர்சில்வர் டம்ளர். சாலையைக் கடக்கிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். ஜன்னலருகே குனிந்து, பிள்ளைக்கு மருந்து புகட்டும் நிதானத்தோடு மூன்று தொட்டிகளுக்கும் பங்கிட்டு ஊற்றினார். தட்டில் வடிந்ததைத் தோள்துண்டால் ஒற்றியெடுத்தார். அந்தத் துண்டு ஒற்றல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்கிற திருட்டில் இவ்வளவு துப்புரவா!

"மாமா."

டம்ளர் கீழே விழாதது அதிசயம். திருதிருவென்று விழித்தார். "நீ இன்னும் தூங்கலியாம்மா?" என்று, தப்பு என்மேல் இருப்பதுபோலக் கேட்டார்.

"சவால் விட்டது நீங்கதானே மாமா?"

"விட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "அந்தக் குண்டன்ல ஒரு இல லேசாச் சுருங்கியிருந்துச்சும்மா. இவ ஏதோ குச்சியக் குத்திப் பாக்குறா, தண்ணி ஊத்த மாட்டேங்குறா. செத்துப்போச்சுன்னா தோத்துடுவாளே. நான் வாய விட்டுட்டேன், அதுக்காக அவ தோக்கணுமா? அவ ஜெயிக்கணும்னு எனக்கு ஆச இருக்காதா?"

அந்த நேரம் பார்த்துப் பின்னால் செருப்புச் சத்தம். என் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், அதிகாலை வேலைக்குக் கிளம்பியிருந்தார். எங்கள் இருவரையும் கவனிக்காமல் ஜன்னலுக்குப் போய், முந்தின நாள் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை வரியின் தலையில் கவிழ்த்தார். திரும்பினார். அப்பா டம்ளரோடு நிற்கிறார், பெண்டாட்டி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"கொஞ்சம்தான்," என்றார்.

வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஒரு சவாலை வைத்துவிட்டு, அப்பனும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே செடியை முங்க முங்கக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். இருவரையும் உட்காரவைத்தேன். குட்டி என் கடையில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொன்னேன். நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டதையும் சொன்னேன். என் கணவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டேயிருந்தார். மாமனார் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "தனக்கு மறுபடியும் வந்துடுச்சுன்னா நெனச்சா?"

"ஆமா மாமா. நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பா. நம்ம லட்சணம் அவளுக்குத் தெரியும்."

குட்டி எழுந்து வந்ததும் மாமனார் நின்றுகொண்டே சொன்னார். அதிகாரி முன்னால் மோட்டார் எரிந்துபோனதற்குப் பதில் சொல்வதுபோல, கையைக் கட்டிக்கொண்டு. "தண்ணி ஊத்தினது நான்தாம்மா. தினமும் ஊத்தினேன். உங்கண்ணனும் ஊத்தியிருக்கான்."

அவள் அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் பயந்ததுதான் நடந்தது. "அண்ணி சொல்லச் சொன்னாங்களா?" என்றாள் மெதுவாக. "பரவாயில்லப்பா. எனக்காக நீங்க யாரும் பழியச் சொமக்க வேண்டாம்."

எத்தனை வருடப் பொய்! ஒரு மெய் வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று. மாமனார் கட்டிய கையை அவிழ்த்தார். "இல்லம்மா, நெசமாத்தான். முதல்ல குண்டனுக்கு மட்டும்தான் ஊத்தினேன். அப்புறம் மத்தது ரெண்டும் பாத்துட்டு இருக்குதேன்னு... அந்தக் கோடு போட்டதுக்கு ஊத்தறப்ப வேகமா விழுந்து அந்த வெள்ளக் கல்லு உருண்டுடுச்சு. எடுத்து வெச்சேன். எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு தெரியல, ஏதோ ஒரு பக்கமா வெச்சுட்டேன்."

நான் கல்லைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவேயில்லை. குட்டி என் முகத்தைப் பார்த்தாள், நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"கல்ல நீங்கதான் திருப்பினீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் இல்ல."

"நீ இல்ல."

"நெசமா நான் இல்லையாப்பா?" என்றாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போது உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள், சத்தம்போட்டு, மூக்கைத் துடைக்காமல், பள்ளிச் சீருடைக் காலத்தில் அழுததுபோல. அழுது முடிந்ததும் கோபம் வந்தது. அவளுக்கு இப்படி ஒரு கோபம் உண்டு என்பதையே நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"எனக்கு வந்தா வரட்டும்ப்பா. வந்தா நான் பாத்துக்குவேன், எப்படிப் பாத்துக்கணும்னு எனக்குத் தெரியும். ஆனா வராதப்ப வந்த மாதிரி ஆக்காதீங்க. என் தலைய நானே நம்ப முடியாமப் பண்ணாதீங்க!"

மாமனார் ஒன்றும் பேசவில்லை. பேசினால் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் அவள் செய்தித்தாளைத் தரையில் விரித்துத் தொட்டிகளைக் கவிழ்த்தாள். குண்டனின் தண்டு மண்ணுக்கு மேலே ஒரு விரலளவு வரை கறுத்துப்போயிருந்தது, வேர் கூழாகக் கையோடு வந்தது. பிழைக்காது. வரியின் அழுகிய இலைகளை உரித்துப்போட்டு, நல்ல பாகத்தை நிழலில் உலரவைத்தாள். மாவு என் பச்சைப் பட்டையோடு தப்பித்துக்கொண்டது. குண்டனின் உச்சியில் கெட்டியாக நின்ற இலைகளை ஒவ்வொன்றாக, காம்பு முறியாமல் பக்கவாட்டில் அசைத்து எடுத்து, ஒரு பழைய தட்டில் காய்ந்த மண் பரப்பி அதன்மேல் வரிசையாகக் கிடத்தினாள். புதைக்கவில்லை, நனைக்கவில்லை. அப்படியே கிடந்தால் வேர்விடுமாம்.

தட்டைக் கொண்டுபோய் அதே கிழக்கு ஜன்னலில் வைத்தாள்.

"உன் ரூம்லயே வெச்சுக்கலாமே," என்றார் என் கணவர்.

"இல்ல, இங்கதான் இருக்கும். எல்லாரும் பாருங்க. யாரும் தொடாதீங்க. தண்ணியும் கெடையாது, துணியும் கெடையாது." என்னையும் சேர்த்துத்தான் பார்த்தாள். "நான் ஊருக்குப் போறவரைக்கும் நீங்க மூணு பேரும் சும்மா இருந்து காட்டணும். இப்ப பரீட்ச எனக்கில்ல."

சாயங்காலம் மாமனார் நாற்காலி போட்டு ஏறி அலமாரிமேலிருந்து தகர டப்பாவை இறக்கினார். தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் தேய்த்து, எண்ணெய் விட்டார். குட்டியின் கதவில் அளவு பார்த்துப் பென்சிலால் குறித்துத் திருகாணிகளை முறுக்கினார். கடைசித் திருகாணியில் கை நழுவிக்கொண்டேயிருந்தது. என் கணவர் உதவிக்குப் போனார், வேண்டாம் என்றார். முடிந்ததும் ஒருதரம் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றார் மகளிடம். "போட்டு எடுத்தாச் சரியாயிடும்."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். சட்டென்று ஒரு சத்தம், இரும்பு இரும்புக்குள் போகிற சத்தம். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நின்று அதைக் கேட்டோம். அச்சகத்துக்கு எழுதியதை அவள் அனுப்பவில்லை என்று மறுநாள் சொன்னாள். வேறொன்றை அனுப்பிவிட்டாளாம்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த தவத்தை முனிவர்கள் பார்த்தால் வெட்கப்படுவார்கள். இலைகள் சுருங்கின. தோல் வரிவரியாயிற்று. என் கணவர் வேலைக்குப் போகும்போது பாட்டிலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஜன்னலைக் கடந்தார். நான் கண்ணாடி துடைக்கும் துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மாமனார் தினமும் தட்டின் முன்னால் நின்று, "காயுது, காயுது," என்று முணுமுணுத்துவிட்டுப் போவார். அவருக்குத்தான் ரொம்பக் கஷ்டம். தாகம் என்றால் தண்ணீர் என்று மட்டுமே தெரிந்த மனிதர்.

குட்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, ஒரு காலை. அவள் அறைக்குள் பெட்டியில் ஏதேதோ அடுக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கதவு தாழிட்டிருந்தது. நான் காபி கலந்துகொண்டிருந்தேன், என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாமனார் டம்ளரில் தண்ணீரோடு ஜன்னலருகே நின்றார்.

"ம்மா," என்று என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?"

என் கண்ணுக்கும் தெரிந்தது. ஓரத்தில் கிடந்த இலையின் காம்பிலிருந்து இளஞ்சிவப்பாக, மயிரிழைபோல, இரண்டு வேர்கள் காய்ந்த மண்ணைத் தடவிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு மேலே கடுகு அளவில் ஒரு பச்சைத் துளிர்.

அப்போது அறைக்குள் தடாலென்று ஏதோ விழுந்தது.

அவர் ஒரு கால் செருப்போடு எழுந்துவிட்டார். என் கையில் கரண்டி நின்றுவிட்டது. மாமனார் ஓரடி எடுத்து வைத்துவிட்டார், டம்ளர் தளும்பித் தரையில் சிந்தியது. தாழ்ப்பாள் போட்ட கதவை மூன்று பேரும் பார்த்தோம். யாரும் போகவில்லை. எப்படிப் போகாமல் நின்றோம் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

"பெட்டி மூடி விழுந்துச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்ல!"

மாமனார் மூச்சை விட்டார். எடுத்து வைத்த காலைத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஜன்னல் தட்டைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, அத்தனை தண்ணீரையும் தானே மடமடவென்று குடித்தார்.